ஸ்னாப்ஷாட் எவ்வளவு இடம் பிடிக்கும்? அளக்கவும் கணிக்கவும் மீட்கவும் முழுமையான வழிகாட்டி

சர்வரில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. 40 ஜிபி கோப்பு ஒன்றைத் தேடிப்பிடித்து அழிக்கிறீர்கள். டிஎஃப் கட்டளையை மறுபடி ஓட்டினால் காலி இடம் அப்படியே இருக்கிறது. ஸ்னாப்ஷாட் (தரவு ஒரு கணத்தில் இருந்த நிலையின் பதிவு) பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றும் சில கேபி அளவுதான் காட்டுகிறது. அப்படியானால் 40 ஜிபி எங்கே போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் ஸ்னாப்ஷாட் பற்றிய மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு என்று தனியாக ஓர் அளவு கிடையாது. அது பிடிக்கும் இடம், உங்கள் தரவு எவ்வளவு மாறுகிறது, பக்கத்தில் வேறு எந்த ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கின்றன என்ற இரண்டையும் பொறுத்தது. அதனால் பட்டியலில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்ப்பது பெரும்பாலும் தவறான விடையே தரும். சரியான விடையைப் பெறும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதன்மை உதாரணமாக இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை எடுத்துக்கொள்கிறேன். கணக்கை மிகத் தெளிவாகக் காட்டுவது அதுதான். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை, எல்விஎம் டிஸ்க் மேலாண்மை, விண்டோஸ், மேக் ஆகியவற்றில் எங்கே வேறுபடும் என்பதைப் பிறகு பார்ப்போம். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இசட்எஃப்எஸ்ஸில் ஏற்கெனவே எழுதப்பட்ட பிளாக்கின் (தரவைச் சேமிக்கும் துண்டு) மேல் மறுபடி எழுதுவதே கிடையாது. ஒரு கோப்பைத் திருத்தினால் புதிய பிளாக் வேறோர் இடத்தில் எழுதப்படும். சுட்டிகள் அதற்கு மாற்றப்படும். பழைய பிளாக் காலி என்று அறிவிக்கப்படும். ஸ்னாப்ஷாட் எடுப்பது என்றால் அந்தக் கடைசி வேலையை நிறுத்தி வைப்பது. பழைய பிளாக் விடுவிக்கப்படாமல் நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் 10 டிபி தரவுக்கும் ஸ்னாப்ஷாட் நொடியில் எடுக்கப்படுகிறது, எடுத்த நொடியில் ஏறக்குறைய எந்த இடமும் பிடிப்பதில்லை.

ஒவ்வொரு பிளாக்கையும் சுட்டும் சுட்டியில் அது எந்தப் பரிவர்த்தனைக் குழுவில் (ஒருசேர எழுதப்படும் மாற்றங்களின் தொகுதி) பிறந்தது என்ற எண் பதிவாகியிருக்கும். நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது அந்த எண்ணை இசட்எஃப்எஸ் பார்க்கிறது. கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு பிறந்த பிளாக் என்றால் உடனே விடுவிக்கிறது. அதற்கு முன்பே பிறந்தது என்றால், ஏதோ ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு அது தேவை. எனவே இறந்த பிளாக்குகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு இடத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு நடுவே பிறந்து நடுவிலேயே அழிந்த தற்காலிகக் கோப்பு எந்த இடத்தையும் பிடிக்காது. புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும், பழையதைத் தொடாத தரவுக்கு ஸ்னாப்ஷாட் கிட்டத்தட்ட இலவசம். புகைப்படத் தொகுப்பில் வருடக்கணக்கில் ஸ்னாப்ஷாட் வைத்திருந்தாலும் செலவு தெரியாது. மெய்நிகர் இயந்திரத்தின் டிஸ்க் கோப்பு அப்படி இல்லை. அதன் உள்ளே எந்நேரமும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும்.

படி 2: எண்களைச் சரியாகப் படியுங்கள்

‘இசட்எஃப்எஸ் லிஸ்ட்’ கட்டளையில் ஸ்னாப்ஷாட் வகையைக் கேட்டால் ‘யூஸ்டு’, ‘ரெஃபர்’ என்று இரண்டு பத்திகள் வரும். ‘ரெஃபர்’ என்பது அந்த ஸ்னாப்ஷாட் வழியாகப் பார்க்கக்கூடிய மொத்தத் தரவு. பலரைக் குழப்புவது ‘யூஸ்டு’. அது அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே உரிய இடம். அதை மட்டும் அழித்தால் கிடைக்கும் இடம். வேறொரு ஸ்னாப்ஷாட்டோடு பகிரப்பட்ட பிளாக் இரண்டின் கணக்கிலும் வராது.

மேலே சொன்ன 40 ஜிபிக்கு வருவோம். கோப்பு ஞாயிறன்று வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டது. வியாழனன்று கோப்பை அழித்தீர்கள். மூன்று ஸ்னாப்ஷாட்டும் அதே பிளாக்குகளைப் பிடித்திருப்பதால் மூன்றின் ‘யூஸ்டு’ கணக்கிலும் அந்தக் கோப்பு பூஜ்யம். திங்கள் ஸ்னாப்ஷாட்டை அழித்தால் எதுவும் திரும்பாது. செவ்வாயையும் அழித்தால் அப்போதும் திரும்பாது, ஆனால் புதனுக்கு நேரே திடீரென்று 40 ஜிபி என்று காட்டும். அந்த ஸ்னாப்ஷாட் வீங்கவில்லை. பங்காளிகள் போய்விட்டதால் முழுப் பொறுப்பும் அதன் தலையில் விழுந்திருக்கிறது.

ஆகவே மொத்தம் வேண்டுமானால் டேட்டாசெட்டின் (தனி அமைப்புகளோடு ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய, கோப்புறை போன்ற பகுதி) ‘யூஸ்டு பை ஸ்னாப்ஷாட்ஸ்’ என்ற பண்பைப் பாருங்கள். ‘இசட்எஃப்எஸ் லிஸ்ட் -ஓ ஸ்பேஸ்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் ஸ்னாப்ஷாட் பிடித்த இடம், நேரடித் தரவின் இடம், முன்பதிவு இடம், கிளை டேட்டாசெட்டுகளின் இடம் ஆகிய நான்கும் தனித்தனிப் பத்தியாக வரும். இடம் போன கதையை விசாரிக்கும்போது நான் முதலில் அடிக்கும் கட்டளை இதுதான்.

அடுத்த கேள்வி, எதை அழித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது. இதற்கு ஊகமே தேவையில்லை. ‘இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய் -என்வி’ என்று கொடுத்து, பிறகு ‘டேங்க்/ஆபீஸ்@திங்கள்%புதன்’ என்று ஸ்னாப்ஷாட் வரம்பைக் குறிப்பிடுங்கள். ‘என்’ இருப்பதால் எதையும் அழிக்காது. அழித்திருந்தால் மீளும் இடத்தை மட்டும் சொல்லும். நம் உதாரணத்தில் 40 ஜிபி என்று சொல்லும். சதவீதக் குறிக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஸ்னாப்ஷாட்டும் வரம்பில் சேரும். எந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் முன்பும் இந்த ஒத்திகையைப் பாருங்கள்.

படி 3: உங்கள் தரவின் மாற்ற வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

‘மொத்தத் தரவில் 20 சதவீதம் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்குங்கள்’ என்பது போன்ற பொதுவிதிகளை நான் நம்புவதில்லை. ஓர் அலுவலகத்தின் ஆவணக் கோப்புறைக்கு 5 சதவீதமே தாராளம். பரபரப்பான டேட்டாபேஸுக்கு ஒரு மடங்கு கூடுதலாகக் கொடுத்தாலும் பற்றாமல் போகலாம். அளந்துதான் ஆகவேண்டும்.

ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் ‘ரிட்டன்’ என்ற பண்பு உண்டு. முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதப்பட்டு இதில் இடம்பெற்ற தரவின் அளவு அது. தினசரி ஸ்னாப்ஷாட்டை இரண்டு வாரம் எடுத்து, இந்த எண்ணை வரிசையாகக் குறித்துவையுங்கள். மாத இறுதி போன்ற பரபரப்பான நாட்களும் அதற்குள் வந்தால் நல்லது.

இந்த எண்ணை நேரே ஸ்னாப்ஷாட் செலவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தினமும் 10 ஜிபி புதிதாகச் சேர்ந்து எதுவும் அழியவில்லை என்றால் ‘ரிட்டன்’ 10 ஜிபி காட்டும், ஸ்னாப்ஷாட் செலவோ பூஜ்யம். தினமும் 10 ஜிபி எழுதியும் டேட்டாசெட்டின் மொத்த அளவு கூடவில்லை என்றால் 10 ஜிபி பழைய தரவு ஸ்னாப்ஷாட்டுக்குள் போயிருக்கிறது. ஆக, எழுதப்பட்டதிலிருந்து ‘ரெஃபர்’ கூடிய அளவைக் கழியுங்கள். வருவது அந்த நாளின் உண்மையான ஸ்னாப்ஷாட் செலவுக்கு நெருக்கமாக இருக்கும்.

இந்த எண்ணைக் கண்காணிப்பதால் இன்னொரு பெரிய பயன் உண்டு. தினம் 3 ஜிபி காட்டிய டேட்டாசெட் ஒருநாள் 300 ஜிபி காட்டினால் உடனே எழுந்து பாருங்கள். கோப்புகளை எல்லாம் பூட்டி மாற்றி எழுதும் ரான்சம்வேர் இப்படித்தான் தடம் விடும்.

படி 4: எத்தனை, எவ்வளவு காலம் என்பதைத் தீர்மானியுங்கள்

ஸ்னாப்ஷாட் எடுக்கும் இடைவெளி ஒன்று, வைத்திருக்கும் காலம் ஒன்று. இரண்டும் இடத்தைப் பாதிக்கும் விதம் வேறு.

அழித்த கோப்பு திரும்ப இடமாக மாறுவது, அதைத் தாங்கிய கடைசி ஸ்னாப்ஷாட்டும் போகும்போது. அதை ஒரு மாதாந்திர ஸ்னாப்ஷாட் பிடித்திருந்து, அதை ஒரு வருடம் வைத்திருக்கிறீர்கள் என்றால் இடமும் ஒரு வருடம் மாட்டிக்கொண்டிருக்கும். இடையில் உள்ள மணிக்கணக்கு ஸ்னாப்ஷாட்டுகளை எத்தனை அழித்தாலும் பலன் இராது. ஆக, கோப்புகள் வந்து போகும் இடத்தில் காலம்தான் முக்கியம்.

ஒரே பிளாக் திரும்பத் திரும்ப மாறும் இடத்தில் இடைவெளிதான் முக்கியம். ஒரு டேட்டாபேஸ் பக்கம் நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கிறது என்றால், மணிக்கொரு ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு நாளில் அதன் 24 பதிப்புகள் தங்கும். தினம் ஒன்றுக்கு ஒரே பதிப்புதான். இங்கே நடுவிலுள்ள ஸ்னாப்ஷாட்டுகளைக் களைந்தால் உண்மையிலேயே இடம் கிடைக்கும்.

இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டுகளைத் தானாக எடுத்து நீக்கும் சனாய்டு கருவியுடன் வரும் மாதிரி அமைப்பில் 36 மணிக்கணக்கு, 30 தினசரி, 3 மாதாந்திர ஸ்னாப்ஷாட்டுகள் வைக்கப்படுகின்றன. கோப்பு சர்வருக்கு அது நல்ல தொடக்கம். பிடிஆர்எஃப்எஸ்ஸோடு பலரும் பயன்படுத்தும் ஸ்னாப்பர் கருவியின் இயல்பு அமைப்போ 10 மணிக்கணக்கு, 10 தினசரி, 10 மாதாந்திர, 10 வருடாந்திர ஸ்னாப்ஷாட்டுகளை வைக்கச் சொல்கிறது. அந்தப் பத்து வருடக் கணக்கை யோசிக்காமல் விட்டுவிடாதீர்கள். மேசைக் கணினியில் வருடாந்திர எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிடுவதே என் பரிந்துரை.

படி 5: வீண் பெருக்கத்தைக் களையுங்கள்

சிறிய மாற்றம் பெரிய செலவாகப் பெருகும் இடங்கள் சில உண்டு. இடத்தை மிச்சப்படுத்த ஸ்னாப்ஷாட்டை அழிப்பதைவிட இவற்றைச் சரிசெய்வது மேல்.

முதலில் ரெக்கார்டு அளவு, அதாவது கோப்பு எழுதப்படும் பிளாக்கின் உச்ச அளவு. இசட்எஃப்எஸ்ஸின் இயல்பு 128 கேபி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பக்கம் 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் 16 கேபி. ஓர் 8 கேபி பக்கம் மாறினாலும் முழு 128 கேபி ரெக்கார்டும் புதிதாக எழுதப்படும். பழைய 128 கேபியை ஸ்னாப்ஷாட் பிடித்துக்கொள்ளும். சிதறிக் கிடக்கும் 1,000 பக்கங்கள் மாறினால் உண்மையான மாற்றம் ஏறக்குறைய 8 எம்பி. கம்ப்ரஷனைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் ஸ்னாப்ஷாட்டில் தங்குவது 125 எம்பி. ரெக்கார்டு அளவை 16 கேபி ஆக்கினால் அது 16 எம்பிக்குள் அடங்கும். இந்த மாற்றம் புதிதாக எழுதப்படும் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், டேட்டாபேஸை ஏற்றும் முன்பே அமைத்துவிடுங்கள்.

டேட்டாபேஸில் இன்னும் இரண்டு விஷயம். போஸ்ட்கிரெஸில் ‘வேக்யூம் ஃபுல்’ ஓட்டினால் அட்டவணை முழுவதும் புதிய கோப்பாக எழுதப்படும், பழையது முழுவதும் ஸ்னாப்ஷாட்டில் தங்கும். இடத்தை மீட்கச் செய்யும் வேலை, ஸ்னாப்ஷாட் இருக்கும்போது இடத்தைத் தின்னும். வால் எனப்படும் பரிவர்த்தனைப் பதிவுக் கோப்புகள் ஓயாமல் மாறுபவை. அவற்றைத் தனி டேட்டாசெட்டில் வைத்தால் ரெக்கார்டு அளவைத் தனியே அமைக்கலாம். ஆனால் டேட்டாபேஸை மீட்க நினைக்கும் ஸ்னாப்ஷாட்டில் தரவும் வாலும் ஒரே நொடியில் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே இரண்டையும் ஒரே பெற்றோர் டேட்டாசெட்டின் கீழ் வைத்து ‘-ஆர்’ கொடுத்து ஒருசேர எடுங்கள்.

அடுத்தது கோப்புகளை நகலெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவி. பேக்கப் சர்வரில் இடம் கரைவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். கோப்பில் சிறு பகுதி மாறியிருந்தாலும் ஆர்சிங்க் இயல்பாகப் புதிய தற்காலிகக் கோப்பை முழுவதும் எழுதி, பிறகு பெயர் மாற்றும். 50 ஜிபி டிஸ்க் இமேஜில் 200 எம்பி மாறினாலும் ஒவ்வொரு இரவும் 50 ஜிபி பழைய பிளாக்குகள் ஸ்னாப்ஷாட்டுக்குள் போகும். ‘--இன்பிளேஸ்’ ஆப்ஷனைச் சேருங்கள். இரண்டு இடமும் ஒரே கணினியில் இருந்தால் ‘--நோ-ஹோல்-ஃபைல்’ என்பதையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் முழுக் கோப்பையும்தான் மறுபடி எழுதும். இன்பிளேஸ் நடுவில் நின்றுபோனால் கோப்பு அரைகுறையாக இருக்கும். முந்தைய இரவின் ஸ்னாப்ஷாட் இருப்பதால் அந்த ஆபத்தைச் சமாளிக்கலாம்.

கோப்பைக் கடைசியாகப் படித்த நேரத்தைப் பதிவது இன்னொரு மறைமுகச் செலவு. ‘ஏடைம்’ இயங்கினால் கோப்பைப் படிப்பதே ஓர் எழுதுதலாகும். இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஆன்டிவைரஸ் ஒருமுறை வருடிப் போனாலே மெட்டாடேட்டா (கோப்பைப் பற்றிய விவரங்கள்) பிளாக்குகள் ஏராளமாக மாறும். தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

கேஷ், பதிவிறக்கம், டாக்கர் இமேஜ், தற்காலிக வீடியோ வேலை போன்றவற்றைத் தனி டேட்டாசெட்டாகப் பிரித்து ஸ்னாப்ஷாட் திட்டத்திலிருந்து விலக்குங்கள். கோப்புகளை ஒரு டேட்டாசெட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது மட்டும் கவனம் தேவை. அது உள்ளுக்குள் நகலெடுத்து அழிப்பதுதான் என்பதால், பழைய ஸ்னாப்ஷாட்டுகள் காலாவதியாகும் வரை பொதுவாக இரட்டை இடம் பிடிக்கும்.

படி 6: வரம்பு வையுங்கள்

‘கோட்டா’ என்பது ஸ்னாப்ஷாட்டுகளையும் சேர்த்த வரம்பு. ‘ரெஃப்கோட்டா’ நேரடித் தரவுக்கு மட்டும். பயனர் ஒருவருக்கு 100 ஜிபி கோட்டா வைத்துவிட்டு அந்த டேட்டாசெட்டில் ஸ்னாப்ஷாட்டும் எடுத்தால், அவர் தன் கோப்புகளை எல்லாம் அழித்த பிறகும் இடம் நிரம்பியிருப்பதாகவே வரும். அது அவருக்கு நியாயமில்லை. பயனருக்கு ரெஃப்கோட்டா வையுங்கள். நிர்வாகியின் பாதுகாப்புக்கு அதைவிடப் பெரிய கோட்டாவை மேலே வையுங்கள்.

மெய்நிகர் இயந்திரத்துக்கான இசட்வால் (டிஸ்க் போலப் பயன்படும் டேட்டாசெட்) முழு முன்பதிவோடு இருந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்கவே இடமில்லை என்று பிழை வரலாம். 100 ஜிபி இசட்வாலில் 60 ஜிபி நிரம்பியிருக்கிறது என்றால், அந்த 60 ஜிபி முழுவதும் மாற்றி எழுதப்படக்கூடும் என்று எண்ணி, இன்னும் 60 ஜிபி காலியாக இருந்தால்தான் ஸ்னாப்ஷாட்டை அனுமதிக்கும். முன்பதிவை நீக்கினால் பிழை போய்விடும். ஆனால் பூல் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அன்றுமுதல் உங்களுடையது.

இசட்எஃப்எஸ் இல்லாதவர்களுக்கு

பிடிஆர்எஃப்எஸ்ஸில் ‘ஃபைல்சிஸ்டம் டியூ’ கட்டளை மொத்தம், தனி உரிமை, பகிர்ந்தது என்று மூன்று எண்களைத் தரும். ‘தனி உரிமை’தான் இசட்எஃப்எஸ்ஸின் ‘யூஸ்டு’ போன்றது. கியூகுரூப் கோட்டாவும் இதைச் சொல்லும், ஆனால் ஸ்னாப்ஷாட்டுகள் பெருகினால் அது கணினியையே மந்தமாக்கும். மிக முக்கியமான எச்சரிக்கை: ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கும்போது டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒருங்கே அடுக்கும் வேலை) ஓட்டாதீர்கள். பகிர்வு உடைந்து ஒவ்வொன்றும் தனி நகலாகிவிடும். ஓர் எக்ஸ்டென்டில் (தொடர்ச்சியான பிளாக்குகளின் தொகுதி) சிறு துண்டு மட்டும் பயன்பாட்டில் இருந்தாலும் முழு எக்ஸ்டென்டும் தங்கும் என்பதால், எதிர்பார்த்த அளவு இடம் சில சமயம் திரும்பாது.

எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட் தலைகீழாக வேலை செய்கிறது. மூலத்தில் எழுதும் முன் பழைய துண்டு ஸ்னாப்ஷாட் பகுதிக்கு நகலெடுக்கப்படும். அந்தப் பகுதியின் அளவை எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அது நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், உள்ளே இருந்தது போயிற்று. தானாக நீட்டும் வசதியின் வரம்பு இயல்பாக 100, அதாவது அணைக்கப்பட்டிருக்கிறது. அதை 70 ஆக்கி, 20 சதவீதம் கூட்டச் சொல்லுங்கள். ஐந்து ஸ்னாப்ஷாட் இருந்தால் ஒரே பழைய துண்டு ஐந்து இடத்திலும் நகலாகும். எனவே இதைப் பேக்கப் ஓடும் நேரத்துக்கு மட்டும் வைத்திருந்து நீக்கிவிட வேண்டும்.

விண்டோஸின் ஷேடோ காப்பி 16 கேபி துண்டுகளாக வேலை செய்கிறது. ஒதுக்கிய இடம் நிரம்பினால் மிகப் பழையதிலிருந்து தானே அழித்துக்கொள்ளும். ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்’ கட்டளை பயன்பட்ட அளவையும் உச்ச வரம்பையும் சொல்லும். கிளஸ்டர் அளவு 16 கேபியைவிடச் சிறிதாக இருந்தால் டிஃப்ராக் செய்வதே மாற்றமாகக் கருதப்பட்டுப் பழைய நகல்கள் வேகமாக மறையக்கூடும். மேக்கில் டைம் மெஷின் எடுக்கும் உள்ளூர் ஸ்னாப்ஷாட்டுகள் 24 மணி நேரம் வரை தங்கும், இடம் தேவைப்பட்டால் தானே நீங்கும். ஃபைண்டரும் டிஎஃப்பும் வேறு வேறு காலி இடம் காட்டுவதற்கு இவையும் ஒரு காரணம்.

நெட்ஆப் சேமிப்புச் சாதனங்களில் ஸ்னாப்ஷாட்டுக்கு வால்யூமின் 5 சதவீதம் இயல்பாக ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த ஒதுக்கீட்டுக்குள் சாதாரணத் தரவு நுழைய முடியாது. ஸ்னாப்ஷாட்டோ அதைத் தாண்டித் தரவின் பகுதிக்குள் பரவ முடியும். 5 சதவீதம் வைத்தாயிற்றே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

படி 7: பூல் நிரம்பிவிட்டால்

முதலில் கோப்புகளை அழிக்கத் தொடங்காதீர்கள். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது அதனால் பயன் இல்லை, பயனர்களின் தரவு மட்டும் கண்ணிலிருந்து மறையும். பூலில் 32-ல் ஒரு பங்கு வரை இசட்எஃப்எஸ் கையிருப்பாக வைத்திருக்கும் என்பதால், நிரம்பிய நிலையிலும் ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் கட்டளை வேலை செய்யும்.

‘-ஓ ஸ்பேஸ்’ பட்டியலில் ஸ்னாப்ஷாட் பத்தி பெரிதாக உள்ள டேட்டாசெட்டைக் கண்டுபிடியுங்கள். மிகப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கி, வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி ஒத்திகை பாருங்கள். எந்த இடத்தில் எண் சட்டென்று தாவுகிறதோ அங்கேதான் பெரிய கோப்புகள் மாட்டியிருக்கின்றன. ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையில் மறைந்தவை எவை என்பதை ‘இசட்எஃப்எஸ் டிஃப்’ காட்டும். அதைப் பார்த்து, அந்தக் கோப்புகள் உண்மையிலேயே வேண்டாதவை என்று உறுதி செய்துகொண்டு அழியுங்கள்.

அழிக்க மறுத்தால் ‘இசட்எஃப்எஸ் ஹோல்ட்ஸ்’ கொடுத்து யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேறொரு சர்வருக்கு நகல் அனுப்பும் கருவிகள் இப்படிப் பிடித்து வைப்பதுண்டு. குளோன் (எழுதக்கூடிய நகல்) ஒன்று அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து பிறந்திருந்தாலும் அழிக்க முடியாது. நகல் அனுப்புவதற்காக மட்டுமே பழைய ஸ்னாப்ஷாட்டை வைத்திருந்தால், ‘இசட்எஃப்எஸ் புக்மார்க்’ போட்டுவிட்டு அதை அழிக்கலாம். புக்மார்க் பழைய தரவைப் பிடித்து வைப்பதில்லை, ஆனாலும் அந்தப் புள்ளியிலிருந்து அடுத்த மாற்றங்களை அனுப்ப அது போதும். எதிர்முனையில் அந்த ஸ்னாப்ஷாட் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அழித்த உடனே காலி இடம் கூடவில்லை என்றால் பதற வேண்டாம். விடுவிக்கும் வேலை பின்னணியில் நடக்கிறது. ‘இசட்பூல் கெட் ஃப்ரீயிங்’ கொடுத்தால் இன்னும் விடுவிக்கப்பட வேண்டிய அளவு தெரியும். பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் இதே நிலைதான். அங்கே ‘சப்வால்யூம் சிங்க்’ கட்டளை வேலை முடியும் வரை காத்திருக்கும். இசட்எஃப்எஸ்ஸில் ‘ஃப்ரீயிங்’ எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகு ‘-ஓ ஸ்பேஸ்’ பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். பூல் இன்னும் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அடுத்த ஸ்னாப்ஷாட்டுகளை அழிக்கும் முன் படி 5-க்குத் திரும்பி, இத்தனை இடத்தைத் தின்றது எந்த வேலை என்று கண்டுபிடியுங்கள்.